நீள முகக் கரடி

எம்ப்ராய்டரிக்காரிக்கு ஊரெல்லாம் நல்ல பேர், வீட்டில்தான் கெட்ட பேர். கடைக்கு வருகிறவர்களின் துணியெல்லாம் சொன்ன நேரத்தில் தயாராகிவிடும். பெற்ற மகளின் சட்டை மட்டும் "நாளைக்கு, கண்ணு" என்று மூலையில் கிடக்கும். அந்த நாளை வந்து யார் பார்த்தது? அதனால் கால்பந்து அணியில் மகளைக் கோல்கீப்பராக எடுத்துவிட்டார்கள் என்றதும் அடித்துச் சத்தியம் செய்தாள்.

"இந்தத் தடவை உன் சட்டைதான் முதல்ல. மத்த பொண்ணுங்களுக்கெல்லாம் அப்புறம்தான்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

போட்டிக்கு முந்தின நாள் காலை, கடையின் கிழட்டுக் கம்ப்யூட்டர் புகை விட்டுப் படுத்துவிட்டது. சமயம் பார்த்துக் கழுத்தறுக்க மனிதர்கள்தான் வேண்டுமா என்ன! அணியின் சின்னமான கரடி முகத்தை அதில்தான் வரைந்து வைத்திருந்தாள். அந்தப் பழைய புரோகிராம் சொன்னால்தான் தையல் மெஷின் ஊசியை அசைக்கும். எடுத்து வைத்திருந்த நகலைக் கடையின் புதுக் கம்ப்யூட்டரில் போட்டால் அது திருதிருவென்று விழித்தது.

கொழுந்தனைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன், கைக்கு முன்னால் வாய் வேலை செய்யும்.

"கவலைய விடுங்க அண்ணி, எமுலேட்டர்னு ஒண்ணு போடறேன். புதுசுக்குள்ள உக்காந்துக்கிட்டு அது பழைய கம்ப்யூட்டர் வேஷம் போடும். உங்க புரோகிராம் ஏமாந்துபோய், நம்ம வீட்லதான் இருக்கோம்னு ஓடும்."

"ஏமாத்தற வேலைன்னா உன்னத்தான் கூப்பிடணும். சீக்கிரம் போடு."

ஓடியே விட்டது! அவன் பெருமையாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனான். அவள் கரடியைத் திறந்தாள். யாரோ மேலே உட்கார்ந்து எழுந்த மாதிரி முகம் சப்பையாக இருந்தது. 'செத்துப் பிழைச்சதுல நசுங்கிடுச்சு போல' என்று தானே முடிவு கட்டி, படத்தை மேல்வாக்கில் இழுத்து உருண்டையாக்கினாள். சத்தியம் சத்தியம்தான் என்று மகளின் மஞ்சள் சட்டையை முதலில் மெஷினில் பூட்டினாள்.

ஊசி நின்றது. சட்டையை எடுத்து உதறினாள். ஐயையோ! கரடியின் முகம் பரீட்சையில் கோட்டைவிட்டவன் முகம்போல் நீண்டு தொங்கியது.

கொழுந்தன் ஓடிவந்து பார்த்துத் தலையில் கைவைத்தான். "பழைய திரை ஒவ்வொரு புள்ளியையும் கொஞ்சம் உயரமா காட்டும் அண்ணி. இதுல புள்ளியெல்லாம் சதுரம். கரடி நல்லாத்தான் இருந்துச்சு, திரைதான் சப்பையா காட்டுச்சு. நல்லா இருந்ததுக்கு எதுக்கு வைத்தியம் பாத்தீங்க?"

"ஊர்க்கதையெல்லாம் பேசற வாய், இத மட்டும் ஏன்டா முழுங்குச்சு?"

அவன் எமுலேட்டரில் திரையின் அளவை மாற்றினான், அவள் இழுத்ததையும் பழையபடி ஆக்கினான். மற்ற சட்டைகளில் கரடிகள் உருண்டு திரண்டு சிரித்தன. ஆனால் கோல்கீப்பரின் மஞ்சள் சட்டை ஒன்றே ஒன்றுதான். நூலைப் பிரித்தால் நெஞ்சில் ஓட்டை ஓட்டையாக நிற்கும். வாழ்நாளில் முதல் தடவையாக மகளை முன்னால் நிறுத்தினாள், அதுவே கோணலாகிவிட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாலையில் மகள் வந்து சட்டையை விரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதடி. ஏதாச்சும் பழைய சட்டை போட்டுக்க. சின்னம் இல்லேன்னா குடியா முழுகிடும்?"

மகள் மேஜையில் அடுக்கியிருந்த மற்ற சட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் உருண்டை முகம். "இது மட்டும் ஏன் இப்படி?"

"கம்ப்யூட்டர் தப்பா காட்டுச்சு. நானும் தப்பா திருத்திட்டேன். மொத சட்டையோட தெரிஞ்சுபோச்சு, அப்புறம் சரிபண்ணிட்டோம்."

"மொத சட்டையா?" மகள் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப நெஜமாவே என்னோடதத்தான் முதல்ல தச்சியா?"

"பின்னே, சத்தியம் பண்ணேன்ல?"

மகள் சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டாள். நீள முகக் கரடியைத் தடவிவிட்டாள்.

"கழட்டுடி, இஸ்திரி போட்டுத் தரேன்" என்றாள் அம்மா.

"மாட்டேன் போ. கேக்கறவங்ககிட்டல்லாம் காட்டணும். எங்கம்மா எனக்குத்தான் முதல்ல தச்சா."