மாவில்லாத மாத்திரை

மாத்திரைக் கம்பெனியின் கொள்முதல் மேலாளர் தேநீரோடு இரண்டு பிஸ்கட்டையும் எதிரே இருந்த மாவுத் தரகர் பக்கம் நகர்த்தி வைத்தார். தரகர் பிஸ்கட்டைத் தொடவில்லை. அதில் மக்காச்சோள மாவு எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். அந்த பிஸ்கட்காரருக்குச் சரக்கைத் தலையில் கட்டியதே அவர்தான். சாஸ், சூப்புப் பொடி, ஐஸ்கிரீம், தபால் உறையின் பசை என்று இருபது வருடத்தில் அவர் சரக்கு நுழையாத இடமில்லை. 'விலை பாதி, ருசி தெரியாது, எல்லாத்துலயும் போடலாம்.' இந்த மூன்றையே மாற்றி மாற்றிச் சொல்லி வீடு கட்டினார், கல்யாணம் செய்தார், மகளைப் பெற்றார். அந்த மகளுக்கு ஒன்பதாவது வயதில் அதே மாவு ஒவ்வாமல் போனது. மக்காச்சோளம் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் உடம்பு தடித்துத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

தின்பண்டத்தை நிறுத்துவது பெரிய காரியமில்லை என்றுதான் முதலில் நினைத்தார். மனைவி கடையில் லேபிளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டினாள்.

"மால்டோ... டெக்ஸ்ட்ரினாம். இது என்னங்க?"

"நம்ம சரக்குதான்."

"குளுக்கோஸ் சிரப்?"

"அதுவும்தான். கீழ வை."

கடைசியில் கூடையில் உப்பு மட்டும் மிஞ்சியது. அவர் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டு அதையும் எடுத்து அலமாரியிலேயே திரும்ப வைத்தார்.

"உப்புலயுமா?" என்றாள். எத்தனையோ வியாபாரிகள் அவரைத் திட்டியிருக்கிறார்கள். ஆனால் அவள் பார்த்ததுபோல அவரை யாரும் பார்த்ததில்லை.

ஆனால் மகளின் வலிப்பு மாத்திரையை என்ன செய்வது? ஐந்து வயதிலிருந்து காலையும் மாலையும் ஒன்று. அது உதிராமல் நிற்பதே இந்த மாவால்தான். டாக்டர் மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்த ஏழு கம்பெனி மாத்திரையிலும் அதுவே. சிரப்பில் அதிலிருந்து எடுத்த இனிப்பு. நிறுத்திப் பன்னிரண்டு நாள். வலிப்பு மூன்று முறை வந்துவிட்டது.

"ஒரே ஒரு தடவை உருளைக்கிழங்கு மாவுல மாத்திரை அடிச்சுக் குடுங்க சார். மாவு நானே கொண்டு வர்றேன்" என்று மேலாளரிடம் கெஞ்சினார்.

"எத்தனை மாத்திரை?"

"வருஷத்துக்கு எழுநூத்தி முப்பது."

மேலாளர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை, சிரிக்கிற ஆளிடம் பேரம் பேசலாம்.

"மெஷின் ஒரு தடவை ஓடுனா நாலு லட்சம் மாத்திரை விழும்யா. மாவை மாத்துனா சோதனை, அனுமதின்னு ரெண்டு வருஷம் ஆகும்."

"மாவு சேர்க்காம வெறும் மருந்தாவது ஒரு பொட்டலம்..."

"லைசென்ஸ் போயிடும்." மேலாளர் குரலை இறக்கினார். "நாங்க உருளைக்கிழங்குதானே போட்டுட்டிருந்தோம்? இதே நாற்காலியில உக்காந்து மூணு நாள் என் உயிரை வாங்குனீங்க. மத்த கம்பெனியெல்லாம் மக்காச்சோளத்துக்கு மாறிடுச்சு, நீங்க மட்டும் ஏன் பின்தங்கணும்னு கேட்டீங்க."

அந்த மற்ற கம்பெனிகளை மாற்றியதும் அவர்தான். தரகர் வணக்கம் சொல்லி எழுந்துகொண்டார்.

வாசலில் லாரியிலிருந்து மக்காச்சோள மாவு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. பிரித்து வைத்திருந்த ஒன்றில், பழக்க தோஷம், முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் கசக்கினார். ஈரமில்லை. முதல் தரம். ஒரு கணம் மனசு குளிரக்கூடச் செய்தது. பிறகுதான் தன் கையைப் பார்த்தார்; துடைத்தும் வெள்ளை போகவில்லை.

வீட்டு முற்றத்துக் குழாயில் கை கழுவாமல் அவர் உள்ளே போவதில்லை. படியில் மகள் நின்றாள், துடைப்பக் கட்டையின் நுனியில் துண்டைத் தொங்கவிட்டு நீட்டியபடி. தொடாமல் கொடுக்க அவளே கண்டுபிடித்த வழி.

"கஸ்டமர், கிட்ட வராதீங்க. அங்கேருந்தே பேசுங்க."

"துண்டு என்ன விலைம்மா?"

"மாத்திரை கிடைச்சுதா? கிடைச்சாத்தான் துண்டு."

அவர் குழாயைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். "கொஞ்சம் இறக்கிச் சொல்லேன், தாயே. ஏழை வியாபாரி."

பின்னால் கட்டை விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினார்; மகள் வலிப்பில் படியில் சாய்ந்து கிடந்தாள்.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவியைக் கத்தி அழைத்தார். "வர்றேன், வர்றேன்" என்ற குரல் எங்கோ மேலே கேட்டது. மாவுக் கையால் மகளைத் தொட முடியாது; குழாயை முழுக்கத் திறந்தார். தண்ணீர் நூலாகத்தான் வந்தது. மாவு பாலாகக் கரைந்து முழங்கையில் வழிந்தது; தேய்க்கத் தேய்க்க வழிந்தது. நாலடி தள்ளி, மகளின் குதிகால் படியில் அடித்துக்கொண்டே இருந்தது.