இன்னும் அரைச் சுற்று

எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் இரும்புக் குழாயோடு மல்லுக்கட்டிய கை. அந்தக் கையை நம்பித்தான் தன் காரின் குளிராத ஏசியைத் தானே பிரிக்க உட்கார்ந்தார் குழாய்க்காரர்.

அவரைத் திட்டிவிடாதீர்கள். மனைவிக்கு நுரையீரல் பழுது. பெரிய ஆஸ்பத்திரி நான்கு மணி நேரப் பயணம். காத்துக் கிடந்து வாங்கிய தேதி, நாளைப் பகல் இரண்டு மணிக்கு. புழுக்கமோ தூசியோ பட்டால் அவளுக்கு மூச்சு அடைத்துவிடும். கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டால்தான் போக முடியும். வாடகைக் கார்களில் தொங்கும் சென்ட் டப்பா வாசனைக்கே இருமல் பிடுங்கும். பட்டறையிலோ மூன்று நாள் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்கள்.

வாசலில் பானெட்டைத் திறந்து, சோப்பு நுரையைக் குழாய்களின் மேல் தடவினார். ஒரு மூட்டில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது.

“சிக்கிட்டாருடி திருடர்!”

படியில் உட்கார்ந்திருந்த மனைவி சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. “திருடருக்கு மரியாதை பலமா இருக்கு. எனக்கு ஒரு நாளாச்சும் கிடைச்சிருக்கா?”

மூட்டைக் கழற்றினார். மிச்சமிருந்த கேஸ் புஸ்ஸென்று போனது. உள்ளே ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. உதிரிபாகக் கடையில் புதியது வாங்கி வந்து போட்டார். அதோடு விட்டிருக்கலாம். பழக்க தோஷம், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதுபோல் மரையில் வெள்ளை டேப்பையும் நாலு சுற்றுச் சுற்றினார்.

“கடைக்காரர் டேப்பு சுத்தச் சொன்னாராங்க?”

“அவருக்கு விக்கத் தெரியும். ஒழுகல் எனக்குத் தெரியும்.”

வாங்கி வந்த டின்னிலிருந்து கேஸ் ஏற்றி, ஏசியைப் போட்டார். அவள் முன் சீட்டில் ஏறிக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தாள்.

“அப்பாடா… மூச்சு எவ்வளவு லேசா வருதுங்க.”

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி நுரை தடவினார். கடுகளவில் ஒரே ஒரு குமிழ்.

“போதும், விடுங்க. நாளைக்கு ஒரு நாள் தாங்காதா?”

“ஒழுகறதப் பாத்துட்டு நான் சும்மா போனதா சரித்திரம் இருக்கா?”

ஸ்பேனரைப் போட்டு அரைச் சுற்றுத் திருகினார். இரும்பென்றால் தாங்கியிருக்கும், இது அலுமினியம். மூட்டுக்கருகே குழாய் சடக்கென்று விண்டது. கேஸ் வெள்ளையாகச் சீறி அடங்கியது.

மறுநாள் ஏசி இல்லாமல் அப்படியேதான் கிளம்பினார்கள். ஒரு மணி நேரம் ஒப்பேற்றினாள். பிறகு சாலையைத் தோண்டிப் போட்டிருந்த இடம் வந்தது. கண்ணாடியை ஏற்றினால் வெந்தது. இறக்கினால் தூசி வாரி அடித்தது. அவள் உதடு நீலம் பாரித்தது.

“திருப்பிடட்டுமா?”

பேச முடியாமல் கையை மட்டும் திருப்பிக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அடுத்த தேதிக்கு இரண்டு மாதம் ஆகுமாம்.

“ரெண்டு மாசந்தானே,” என்றாள் அவள், விட்டு விட்டு. “பட்டறைக்காரர அவசரப்படுத்தாதீங்க. நிதானமா பண்ணட்டும்.”

அவர் அவள் முதுகுக்குப் பின்னால் தலையணையை அண்டக் கொடுத்தார். மூச்சு தணியவில்லை. தன்னுடையதையும் எடுத்து வைத்தார்.

“இன்னொன்னு வைங்க,” என்றாள்.

வீட்டில் வேறு தலையணை இல்லை.