எண்ணிக்கை பூஜ்யம் ஆகும்வரை

பொழுது விடியுமுன்பே நெட்டச்சி தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கிக்குள் அடைபட்டிருந்தாள். முதுகில் வேர்வை வழிந்தது; சொறியக்கூடாது. மேசையில் கேவிட்டி கிடந்தது. ஒன்பது குடங்களை வரிசையாக ஒட்டினாற்போன்ற நையோபிய உலோகக் குழாய். உறைகுளிரில் மின்தடையே இல்லாமல் துகள்களை முடுக்கவேண்டியது. உள்ளே ஒரு பொடித் தூசி தங்கினாலும் பாதி வேகத்தில் படுத்துவிடும்.

அதனால் தூய்மை அறையில் ஒரு சட்டம்: தூசி எண்ணும் கருவி கூவினால் நின்ற இடத்தில் நில். எண்ணிக்கை பூஜ்யம் ஆனபின் கேவிட்டியில் போல்ட்டு முறுக்குபவர் முதலில் அசைவார், பிறகுதான் மற்றவர்கள்.

இருபது வருஷமாக முறுக்குபவள், அறையில் எல்லோருக்கும் மூத்த அக்கா. கேவிட்டியின் பன்னிரண்டு மணிநேரக் கழுவலை மேனேஜர் ஆறாக வெட்டினார். மூன்று கேவிட்டிகள் சோதனையில் தோற்றன. பழி அக்கா தலையில். இன்றோடு வேலை இல்லை என்று கடுதாசி கொடுத்தாயிற்று.

மேனேஜர் நுழைந்தார். அங்கியின் ஜிப் பாதி திறந்திருந்தது, முகமூடி தாடையில். சென்ட் வாசனை அவருக்கு முன்னே வந்தது. பட்டம் பெரிது, முகமூடி போடத் தெரியவில்லை.

"உன் முடிதான் உள்ள விழுந்திருக்கும். வயசாயிடுச்சுல்ல."

"முடி விழுந்தா கண்ணுக்குத் தெரியும் சார்," என்றாள் அக்கா. "கழுவாத தூசிதான் தெரியாது."

"ஆறு மணிநேரம் போதும்னு நிபுணர்களே சொல்றாங்க."

"அவங்க ஒருநாளாவது கழுவியிருக்காங்களா?" என்றாள் நெட்டச்சி.

"நீ வாயை மூடு."

"நீங்க மூக்கை மூடுங்க சார்."

கருவி கூவியது. அறையில் வேலைசெய்த எட்டுப் பேரும் அப்படியே நின்றார்கள்.

"என்ன சிலையாட்டம் நிக்கிறீங்க?"

"நீங்க கையெழுத்துப் போட்ட சட்டம் சார். யார் வந்ததும் எண்ணிக்கை ஏறுச்சுன்னு கருவில நேரத்தோட அச்சாயிடுச்சு," என்றாள் நெட்டச்சி.

மேனேஜர் முகம் சிவக்க வெளியேறினார். எண் மெல்ல மெல்ல இறங்கிப் பூஜ்யமாயிற்று. யாரும் அசையவில்லை.

ஒலிபெருக்கியில் மேனேஜர் குரல் கரகரத்தது: "அதான் பூஜ்யம் வந்தாச்சே, வேலையைப் பாருங்க."

"அக்கா அசைஞ்சாதான் நாங்க அசைவோம். அக்காவைத்தான் நீக்கிட்டீங்களே," என்றாள் நெட்டச்சி. "கடுதாசியைக் கிழிங்க. பன்னிரண்டு மணிநேரக் கழுவலைத் திருப்பிக் குடுங்க. அதுவரை சட்டப்படி நிக்கிறோம்."

"அத்தனை பேரையும் தூக்கிடுவேன்."

அக்காவின் கை ஸ்பேனர்மேல் இருந்தது. விரல்கள் அதைப் பற்றவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் அடுத்த ஷிப்டு ஆட்கள் அங்கி மாட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே ஒருமுறை பார்த்தார்கள். கதவைத் திறக்கவில்லை. வரிசையாக, அசையாமல், நின்றார்கள்.