சத்தியத்துக்கு ஒரு சாட்சி

என் மனைவி பிரசங்கம் செய்தவள் அல்ல. தெருவில் நின்று கைப்பிரதி கொடுத்தவளும் அல்ல. பாட்டுப் பாடினால் இரண்டாவது அடியிலேயே சுருதி விலகிவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பை இருமி மறைப்பார்கள். நீதிமன்றத்துக்கு எதிரே, நகல் எடுக்கும் கடையின் தாழ்வாரத்தில், மனுக்கள் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மேசை, அவளுக்கு ஒரு நாற்காலி, வருகிறவர்களுக்கு ஒரு முக்காலி. அவ்வளவுதான் அவளுடைய ஊழியக் களம். அவள் போன பிறகு சபையில் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசினார்கள். அதில் 'அமைதியான சகோதரி' என்றும் ஒன்று வந்தது. அந்த முக்காலியில் உட்கார்ந்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அதைக் கேட்டிருந்தால் விழுந்து புரண்டு சிரித்திருப்பார்கள்.

அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் சத்தியம். அது பட்டப்பெயர். கூலிக்குச் சாட்சி சொல்வது அவருடைய தொழில். இடிக்காத வண்டி இடித்ததையும், கொடுக்காத கடன் கொடுத்ததையும், கூண்டில் ஏறி, தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார். சொல்லும்போது தொண்டை கரகரக்கும். தேவைப்பட்டால் கண்ணும் கலங்கும். வாக்கியத்துக்கு வாக்கியம் 'சத்தியமா' என்பார். குமாஸ்தாக்கள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"தங்கச்சி, ஒரு பக்கம்தான். சட்டுனு தட்டிக் குடு" என்று காகிதத்தை நீட்டுவார்.

அவள் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். "இது நடக்கவே இல்ல. நான் தட்ட மாட்டேன்."

"நடந்ததை மட்டும்தான் தட்டுவேன்னா நீ கோர்ட்டு வாசல்ல கடை போட்டிருக்கக் கூடாது."

"பக்கத்துக் கடையில தட்டுவாங்க, போங்க அண்ணே. போறதுக்கு முன்னாடி உக்காந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

"வேலை செய்ய மாட்ட, டீ மட்டும் வாங்கிக் குடுப்ப. இது என்ன வியாபாரம்?"

"வியாபாரம் இல்ல. அண்ணன்னு கூப்பிட்டுத் தொலைச்சிட்டேனே."

இப்படியே நாள் ஓடியது. காகிதம் வருவதும் திரும்புவதும், டீ வருவதும் தீர்வதும். ஒருநாள் அவர் கேட்டார்: "ஒரு பொய்க்கு இவ்வளவு பிகு பண்றியே. உங்க சாமி கோச்சுக்குமா?"

"எங்க சாமியையே பொய்ச் சாட்சி வெச்சுத்தான் மாட்டிவிட்டாங்க, தெரியுமா?"

அன்று மாலை அவள் இதை எனக்கு நடித்தே காட்டினாள். சத்தியம் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். "எத்தனை பேரு?"

"நிறைய பேரு. ஆனா ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் சொன்னதோட ஒத்துப்போகல."

அவருக்குக் கோபமே வந்துவிட்டதாம். "ஒத்திகை பாக்காமலா வந்து நின்னானுங்க? தொழிலுக்கே கேவலம்! அப்ப கேஸ் அன்னிக்கே தள்ளுபடி ஆகியிருக்கணுமே?"

"ஆகல."

"இவர் பக்கம் வக்கீல்?"

"யாரும் இல்ல."

"இவராவது எழுந்து, ஏம்ப்பா பொய் சொல்றீங்கன்னு கேட்டிருக்கலாமே?"

"வாயே திறக்கல அண்ணே."

மறுநாள் கையில் காகிதம் இல்லாமல் வந்தார். "அந்தச் சாட்சிக்காரனுங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒரு துணைக்கால் விடுபட்டாலும் என் கண்ணில் படும். வேதத்தை அத்தனை முறை வாசித்தும் அந்த ஆட்கள் விடுபட்டுப் போனது படவில்லை. கூலிக்குப் பொய் சொல்கிற ஒருவர்தான் அவர்களைத் தேடினார்.

"அவங்களைப் பத்தி எழுதி வைக்கல" என்றாள் என் மனைவி. "ஆனா தன்னைக் கொல்றவங்களை மன்னிக்கச் சொல்லி அவர் சிலுவையில இருந்து வேண்டிக்கிட்டார். அந்தக் கும்பல்ல இவங்களும்தான் நின்னிருப்பாங்க. இவங்களுக்குன்னு தனியா மன்னிப்பு கிடையாதுன்னு அவர் சொல்லல."

சத்தியம் டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். பல வாரம் ஆளையே காணவில்லை. "எனக்கு வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியல" என்று அவள் புலம்பிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காலையில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு கேஸை விட்டுட்டேன் தங்கச்சி. முன்பணத்தையும் திருப்பிக் குடுத்தாச்சு. உங்க கோயில் எங்க இருக்கு?"

அப்படித்தான் அவர் எங்கள் சபைக்கு வந்தார். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. தங்கையின் கணவன் என்பதால் நான் அவருக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டேன். "மாப்பிள்ளை முறுக்கெல்லாம் என்கிட்ட வேணாம், குழம்பை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்பார்.

ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று அவரே கேட்டார். இளைஞரான எங்கள் போதகர் மகிழ்ந்துபோய், "அப்ப நீங்க சபைக்கு முன்னாடி சாட்சி சொல்லணும்" என்றார்.

சத்தியத்தின் முகம் வெளுத்துவிட்டது. "யாருக்கு எதிரா?"

ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததைச் சொல்வதற்கும் அதே பெயர்தான் என்று போதகர் விளக்கினார். சத்தியம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று சொல்லிப் பார்த்தார். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். எங்கே குரல் உடைய வேண்டுமோ அங்கே உடைந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் மனைவி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணே. அதான் பயமா இருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும்தான். அழுகை நிஜமா வந்துச்சா, பழக்கத்துல வந்துச்சான்னு எனக்கே தெரியல."

"அப்ப பாத்ததை மட்டும் சொல்லுங்க. மத்ததை விட்டுருங்க."

இந்த நேரத்தில்தான் சபையின் பாதை வழக்கு குறுக்கே வந்தது. கோயிலுக்கு ஒரு பக்கவாட்டுச் சந்து வழியாகத்தான் எல்லோரும் போய்வந்தோம். பக்கத்துக் கிடங்குக்காரர் அது தன் இடம் என்று சொல்லி இரும்புக் கதவு போட்டுவிட்டார். கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. எங்கள் சபைச் செயலாளருக்கு அது பெரிய அடி. அந்தச் சந்துக்குக் கல் பாவியவர் அவருடைய அப்பா. ஞாயிறு விடிவதற்குள் அதைத் தன் கையாலேயே பெருக்கிவிடுகிற மனிதர் அவர். நாங்கள் காலங்காலமாக அதில் நடந்ததைப் பார்த்த வெளி ஆள் ஒருவர் சாட்சி சொன்னால் ஜெயிக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். சபையார் சொன்னால் சொந்த விஷயத்துக்குச் சொன்னதாகிவிடுமாம்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலாளர் சத்தியத்தை மட்டும் அலுவலக அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். சத்தியம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது குழம்பு கேட்கவில்லை, சோறே கேட்கவில்லை.

"செக்ரட்டரி ஐயா என்னைக் கூண்டுல ஏறச் சொல்றாரு தங்கச்சி. நீங்க எல்லாரும் அந்தச் சந்துல நடந்ததை வருஷக்கணக்கா பாத்திருக்கேன்னு சொல்லணுமாம். நான் இன்னும் சபையில சேரல, வெளி ஆளுதான், அதனால செல்லுமாம். கேஸ் முடியிற வரைக்கும் ஞானஸ்நானத்தைத் தள்ளி வெச்சுக்கலாமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நடந்தது உண்மைதான் ஐயா, ஆனா நான் பாக்கலையே, போன வருஷம் வரைக்கும் இந்தத் தெருப் பக்கமே வந்ததில்லையேன்னு சொன்னேன். நான் பேரம் பேசறேன்னு நெனச்சிட்டாரு மாப்பிள்ளை. சபை உங்களைச் சும்மா விட்டுடாது, கவனிச்சுக்கும்னாரு. முடியாதுன்னேன். அப்ப உங்களைச் சேத்துக்கறதைப் பத்தி நாங்க யோசிக்கணும்னு எழுந்துட்டாரு."

என் மனைவி எழுந்தேவிட்டாள். "இப்பவே போய் நாலு வார்த்தை கேக்கறேன்."

"உக்காரு தங்கச்சி. நீ அந்த ரூமுல இருந்தியா? கேள்விப்பட்டதைச் சொன்னா செல்லாது. கோர்ட்டுலயே இருக்க, இதுகூடவா தெரியாது? பாத்தவங்க ரெண்டே பேரு. அவரும் நானும். என் பேச்சை எவன் நம்புவான்? நான் இதைச் சொன்னா, வேணும்னே அவர்மேல பழி போடறேன்னு ஆகும். நீங்க ரெண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது."

அவள் வாயை மூடியது அவள் வாழ்க்கையிலேயே கடினமான வேலையாக இருந்திருக்கும்.

அடுத்த சபைக் கூட்டத்தில் ஞானஸ்நானத்துக்குப் பெயர்கள் வாசிக்கப்பட்டன. சத்தியத்தின் பெயர் வந்ததும் செயலாளர் எழுந்தார். கோபமில்லாமல், மெதுவாகத்தான் பேசினார். "சாட்சியைக் கேட்டுத்தான் சேத்துக்கறது நம்ம வழக்கம். இவர் ஆயுசு முழுக்கப் பொய்ச் சாட்சி சொன்னவர். இன்னிக்கு விசுவாசிக்கிறேன்னு சொல்றதை மட்டும் எந்த ஆதாரத்துல நம்பறது? கொஞ்ச காலம் பாக்கலாமே." பல தலைகள் ஆடின. நியாயமான கேள்வி மாதிரித்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் மனைவி எழுந்தாள். நான் சேலையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. ஆனால் வாக்கை மீறவில்லை. "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்" என்றாள். "நம்ம ஆண்டவருக்கு எதிரா பொய் சொன்னவங்களுக்கு என்ன ஆச்சுன்னு இவர் என்கிட்ட கேட்டார். இங்க உக்காந்திருக்கிற நாம யாரும் அதைக் கேட்டதில்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

போதகர் சத்தியத்தைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

சத்தியம் எழுந்து நின்றார். பழக்கத்தில் முன்னால் இருந்த பெஞ்சின் விளிம்பைக் கூண்டுக் கம்பி மாதிரிப் பிடித்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். "ஐயா கேக்கறது சரிதான். என்னை நம்பறதுக்கு என்கிட்ட ஆதாரம் ஒண்ணும் இல்ல. நான் பாத்தது இதுதான். பொய்க் காகிதத்தை இந்தத் தங்கச்சி ஒவ்வொரு தடவையும் திருப்பிக் குடுத்துச்சு. என்னை ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பல. யார் சொல்லிக் குடுத்து இப்படி நடந்துக்குதுன்னு தேடிக்கிட்டு வந்தேன். வந்த இடத்துல அவரைக் கண்டுக்கிட்டேன். சேக்கலைன்னாலும் வந்து உக்காருவேன்."

குரல் எங்கேயும் உடையவில்லை. கண் கலங்கவில்லை. செயலாளர் பெயரை எடுக்கவே இல்லை. சொல்லி முடித்து உட்கார்ந்துவிட்டார்.

போதகர் வாக்கெடுப்புக்குப் போகப் பார்த்தார். "ஒரு நிமிஷம் பாஸ்டர்" என்றார் செயலாளர். எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"ஆதாரம் இருக்கு. என்கிட்டதான் இருக்கு. பாதை கேஸுல பொய்ச் சாட்சி சொல்லச் சொல்லி நான்தான் இவரைக் கேட்டேன். ஆசை காட்டினேன். சேத்துக்க மாட்டோம்னு பயமும் காட்டினேன். இவர் மாட்டேன்னுட்டார். அதை நான் என் கண்ணால பாத்தேன். இவர் அதை இங்க சொல்லுவார்னு உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். சொல்லல." பிறகு சத்தியத்தின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கோங்க அண்ணே."

அந்த 'அண்ணே'யைக் கேட்டதும் சத்தியத்துக்குக் கண்ணீர் வந்தது. பழக்கத்தில் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாக் கைகளும் உயர்ந்தன. சத்தியம் அவசரமாக எழுந்து, "எனக்கு ஓட்டு உண்டா? நான் இவரையும் சபையில வெச்சுக்கலாம்னு கை தூக்கறேன்" என்றார். போதகரே சிரித்துவிட்டார். என் மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

தண்ணீர்த்தொட்டியில் சத்தியம் இறங்கியபோது கைப்பிடித்து இறக்கியவர் செயலாளர்தான். பாதை வழக்கில் தோற்றோம். சத்தியம் அதன் பிறகு நீதிமன்றத்துக்கு வழி தெரியாமல் வருகிறவர்களை இந்த அறை, அந்த அறை என்று கூட்டிப்போய்விடும் வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எங்கள் சபைக்கு வந்தார்கள்: ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டுப் பிழைத்தவர், நகல் கடைக்காரர், மூன்று முறை உள்ளே போய்வந்த சைக்கிள் திருடர். சைக்கிள் திருடர் வந்த முதல் ஞாயிறு எல்லோரும் வண்டியைப் பூட்டினார்கள். என் மனைவி மட்டும் சாவியை அவர் கையிலேயே கொடுத்து, "உள்ள போறேன், பாத்துக்கோங்க தம்பி" என்றாள்.

அவளை அடக்கம் செய்த நாளில் சந்து இல்லாததால் பெட்டியைக் கடைத்தெரு வழியாகத்தான் சுமந்துபோக வேண்டியிருந்தது. முன்னால் ஒரு பக்கம் சத்தியம், மறுபக்கம் செயலாளர். தோள் மாற்றச் சம்மதிக்கவில்லை. பின்னால் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், முத்திரைத்தாள் விற்பவர்கள், அவள் திருப்பி அனுப்பிய காகிதங்களுக்குச் சொந்தக்காரர்கள். கடைக்காரர்கள் படியிறங்கி நின்றார்கள்.

"யாரு பெரிய ஆளா?" என்று ஒருவர் சத்தியத்தைக் கேட்டார்.

"என் தங்கச்சி" என்றார் சத்தியம். "கோர்ட்டுக்கு எதிர்ல டைப் அடிச்சிக்கிட்டிருந்துச்சு."

நான் தலை நிமிர்ந்து பின்னால் நடந்தேன்.