என் முதுகின் விலை

அக்காவிடம் ஓர் ஓவியம் வாங்க வேண்டுமானால் பணமே தேவையில்லை. "ரொம்ப நல்லாயிருக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுவரிலிருந்து கழற்றி, தாளில் சுற்றிக் கையில் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுத்தான் திரும்புவாள். குழாய் ஒழுகுகிறதென்று கூப்பிட்ட ஆள் ஒருவர் அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார். குழாய்க்கான கூலியை மட்டும் கறாராக வாங்கிக்கொண்டார். நான் அன்றைக்கு அங்கே இல்லை. இருந்திருந்தால் கதையே வேறு.

நான் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அக்காவுக்குக் கோபமே வராது என்பதால் அவள் பங்கையும் சேர்த்து நானே பட்டுக்கொள்கிறேன். அவள் மேல் எனக்கு உயிர். அதை அவளிடம் சொன்னதில்லை, திட்டியே காலத்தை ஓட்டிவிட்டேன்.

அக்கா ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு, ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் அறை பிடித்து வரைய உட்கார்ந்தாள். ஒரு வருஷம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. ஆபீசிலிருந்து ஆள்விட்டுக் கேட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

"ஒரு கண்காட்சி வைக்கிறேன். அதுல விக்கிறது அறை வாடகைக்கும் வீட்டுக்கு நான் கொடுக்கிறதுக்கும் தாங்கும்னா, ராஜினாமா. இல்லைன்னா பழைய நாற்காலி" என்றாள் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "திரும்பிப் போனேன்னா அந்த நாற்காலியிலிருந்து மறுபடி எந்திரிக்க மாட்டேன்டி. எனக்கே தெரியும்" என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விற்கிற பொறுப்பு என்னுடையது என்று அந்த இடத்திலேயே அறிவித்துவிட்டேன்.

முதல் வேலையாக அவளைக் கடைக்கு வரவழைத்து, கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் பயிற்சி கொடுத்தேன். ஒரு ஷூ பெட்டியை அலமாரியில் நிறுத்தி, அதுதான் ஓவியம் என்றேன். நான் வாங்க வந்தவள்.

"இது என்ன விலைங்க?"

அக்கா விலையைச் சொன்னாள். மூச்சு விடுவதற்குள், "ஆனா மேல் மூலையில நீலம் சரியா உக்காரலை பாத்தீங்களா? அதுக்காகக் குறைச்சுக்கலாம்" என்றாள்.

"நான் எங்கக்கா பாத்தேன்? நீ காட்டினப்புறம்தான் தெரியுது!"

"தெரியாம வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னா பாவமில்லையா?"

"செருப்பு வாங்க வர்றவங்ககிட்ட, இது மழையில நனைஞ்சா வாயைப் பொளந்துடும்னு நானா போய்ச் சொல்றேன்?"

"சொல்றதில்லையா நீ?" அக்காவுக்கு உண்மையிலேயே அதிர்ச்சி.

"கேட்டா சொல்வேன்! கேட்டாத்தான் சொல்வேன்! விலையைச் சொல்லு, வாயை மூடு. அடுத்த வார்த்தை அவங்க பேசணும். அதுவரைக்கும் வீடே இடிஞ்சு விழுந்தாலும் நீ பேசக் கூடாது."

மறுபடி கேட்டேன். விலையைச் சொல்லிவிட்டு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். வாய்தான் மூடியிருந்தது. கண் இரண்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தன. தன் அளவுக்குச் செருப்பு வரட்டும் என்று ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு வாடிக்கையாளர், "பாவங்க, இன்னிக்கு விட்டுடுங்க அவங்களை" என்று சிபாரிசுக்கு வந்தார். அவருக்கும் சேர்த்து ஒரு முறை முறைத்தேன்.

கண்காட்சிக்கு ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்து ஹால் கிடைத்தது. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை. மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், லீவு போட்டுவிட்டு வந்து ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக மாட்டினார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற மனுஷர். வார்த்தைகளையும் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார்.

அக்கா வரைவதெல்லாம் நாம் தினமும் பார்த்துப் பார்க்காமல் விடுகிற சமாச்சாரங்கள். பால்கனியில் காயும் துணி. மழைக்கு ஒதுங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள். சோபாவில் வாயைத் திறந்து தூங்கும் மாமா. நடுச் சுவரில் என்னுடைய முதுகு. ஆமாம், முதுகுதான். கடையில் ஒரு பெரியவருக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்திருக்கிறேன். கொண்டையில் பேனா செருகியிருக்கிறது. முகமே தெரியாது.

"இத்தனை வருஷமா முகத்துக்கு கிரீம் பூசிக்கிட்டிருக்கேன், நீ முதுகை வரைஞ்சு வச்சிருக்கே. இதை எவன் வாங்குவான்?" என்றேன்.

ஹாலைப் பார்த்துக்கொள்ளும் நூலகத்து அம்மாள் அக்காவிடம் வட்ட வட்டமான சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய தாள் ஒன்றைக் கொடுத்து, வழக்கத்தைச் சொன்னார். விற்றுப்போன ஓவியத்தின் பெயர்ச் சீட்டில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்ட வேண்டும். ஓவியம் கடைசி நாள் வரை சுவரிலேயே இருக்கும். வாங்கியவர் முடிவில் வந்து எடுத்துக்கொண்டு போவார்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறந்துவைத்துவிட்டு மத்தியானம் ஹாலுக்கு ஓடினால், என் முதுகுக்குக் கீழே சிவப்புப் பொட்டு! எனக்குத் தலைகால் புரியவில்லை. "முதல் போணி நான்தான் மாமா! உங்க தூக்கத்தை யாரும் சீண்டலை பாருங்க!" என்று மாமாவைப் பிடித்து உலுக்கினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் காயும் துணிக்கும் நாற்காலிகளுக்கும் பொட்டு விழுந்தது. மறுநாள் காலை மாமாவின் தூக்கமும் போயிற்று. நான் மனசுக்குள்ளேயே அறை வாடகையைக் கட்டி, ராஜினாமாவையும் எழுதி முடித்துவிட்டேன்.

சனிக்கிழமை ஒரு பல் டாக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. புது கிளினிக் திறக்கப் போகிறாராம், நோயாளிகள் காத்திருக்கிற அறைக்கு ஏதாவது வேண்டும் என்றார். ஹாலை ஒரு சுற்றுச் சுற்றியவர் என் முதுகுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"நானும் இப்படித்தாங்க, நாள் பூரா யாருக்காவது குனிஞ்சுகிட்டே இருக்கேன்" என்றார். அப்புறம் பொட்டைப் பார்த்தார். "ஐயோ, போயிடுச்சா?" வேறு எதையும் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. வாங்கியவர் மனசு மாறினால் கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்குள்ளிருந்த வியாபாரி விழித்துக்கொண்டாள். "அக்கா, என் முதுகை வாங்கினது யாரு? அவங்ககிட்டப் பேசி, வேற ஒண்ணைத் தள்ளிட்டு, இதை டாக்டருக்குக் கொடுத்துடலாமே. ரெண்டு வித்த மாதிரி ஆச்சு."

"யாரோ... ஒருத்தர்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"கவனிக்கலை."

பஸ்ஸில் ஒருமுறை பார்த்த முகத்தை வீட்டுக்கு வந்து மச்சத்தோடு வரைந்து காட்டுகிறவள் என் அக்கா. கவனிக்கவில்லையாம். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மடக்கு மேஜைகள் சாத்தி வைத்திருந்த பின்னறைக்குப் போனேன்.

"எத்தனைக்கா வித்திருக்கு? உண்மையைச் சொல்லு."

"ஓரத்துல இருந்த சின்னது மட்டும். பூனை."

"மீதிப் பொட்டெல்லாம்?"

"நான்தான் ஒட்டினேன்."

எனக்கு வந்த கோபத்தில் மடக்கு மேஜை ஒன்றை ஓங்கித் தட்டிவிட்டு, கை வலித்ததில் அதற்கும் சேர்த்துக் கத்தினேன். "விக்கத்தானே ஹால் பிடிச்சோம்! திங்கட்கிழமை என்ன பண்ணப் போறே? அந்த நாற்காலிக்குத்தான் போகப் போறியா? போ! போய் உக்காரு!"

அக்கா அழுதிருந்தால்கூட நான் திட்டிக்கொண்டே இருந்திருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"நல்லா வந்தது அந்த நாலஞ்சுதான். எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அதையும் கொடுத்துட்டு, அப்புறம் அந்த மாதிரி இன்னொண்ணு வரவே இல்லைன்னா? ஆபீசும் இருக்காது, படமும் இருக்காது. இது சுவத்துல இருந்தா, நான் வரையறவதான்னு எனக்கு ஒரு சாட்சி."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. விலை சொல்லக் கூச்சம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவளுக்குத் தன் கையின் மேலேயே நம்பிக்கை இல்லை. அதற்குச் செருப்புக் கடையில் பயிற்சி கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்தேன். "விக்காம வச்சிருந்தா மட்டும் இன்னொண்ணு வந்துடுமா?" என்றேன். சமாதானமாகச் சொல்ல நினைத்தது, அதட்டலாகத்தான் வந்தது. அக்கா ரொம்ப நேரம் விரல் நகத்தில் ஒட்டியிருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் ஒவ்வொரு பொட்டாகப் பிய்த்தாள். பொட்டும் கிழியாமல், சீட்டும் கெடாமல், நிதானமாக.

"உங்களுக்குத் தெரியுமா மாமா?" என்று கேட்டேன்.

"முதல் பொட்டு ஒட்டறப்பவே தெரியும். ஏணி மேல நின்னேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீ ரொம்ப சந்தோஷமா இருந்தே" என்றார் மாமா.

அக்காவே டாக்டருக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகச் சொன்னார்.

அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் நான்தான் ஹாலுக்குப் போனேன். அதுவரைக்கும் அந்த ஓவியத்தைக் கிண்டல்தான் செய்திருந்தேனே தவிர, நின்று பார்த்ததில்லை. பார்த்தேன். பெரியவரின் பாதம் என் உள்ளங்கையில் இருந்தது. குதிகால் வெடித்த, வயசான பாதம். எங்கே வலித்துவிடுமோ என்று பயந்து பிடித்திருந்த மாதிரி இருந்தது என் பிடி. நாள் முழுவதும் கத்திக்கொண்டே இருக்கிறவள் நான். இப்படியா பிடிக்கிறேன்? எனக்கே தெரியாத என்னை இவள் எப்போது வந்து பார்த்துவிட்டுப் போனாள்? இதைப் போய் யாரோ ஒரு கிளினிக்கில், பல்வலிக்காரர்கள் வெறித்துப் பார்க்க...

மேஜை மேல் அந்த ஸ்டிக்கர் தாள் கிடந்தது. ஒரு பொட்டை எடுத்து ஒட்டிவிட்டேன்.

"என்னடி பண்றே?"

வாசலில் அக்கா நின்றிருந்தாள். திருட்டுப் பூனை மாதிரி முழித்தேன்.

"நானே வாங்கிக்கிறேன்."

"உனக்கு விக்க மாட்டேன். நீ பேரம் பேசுவே." வந்து பொட்டைப் பிய்த்து என் கன்னத்தில் ஒட்டிவிட்டுப் போனாள்.

டாக்டர் வந்தார். விலை கேட்டார். அக்கா சொன்னாள். கடையில் ஒத்திகை பார்த்ததைவிட அதிகமான விலை. எனக்கே திக்கென்றது. டாக்டர் ஓவியத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி ஓவியத்தைப் பார்த்தார். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் குறைச்சுக்கலாம் டாக்டர் என்று சொல்ல எனக்கு நாக்கு நமநமத்தது. அக்கா சும்மா நின்றாள். கண்கூட மன்னிப்புக் கேட்கவில்லை.

"சரிங்க. இன்னிக்கே கொடுப்பீங்களா?" என்றார் டாக்டர்.

அவர் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாமா ஏணியைக் கொண்டுவந்து ஓவியத்தைக் கழற்றினார். மற்றதெல்லாம் விற்குமா, திங்கட்கிழமை என்ன ஆகும், அந்த நேரத்தில் எதுவும் முடிவாகவில்லை. இன்னும் ஒரு பகல் முழுசாகப் பாக்கி இருந்தது. நான் மட்டும் காலியான நடுச் சுவரைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் வியாபாரம் கற்றுக்கொடுத்த பெரிய மனுஷி.

"எதுக்குடி அழறே?"

"போயிடுச்சேக்கா. அந்த மாதிரி வராதுன்னு நீயே சொன்னியே."

அக்கா என் முகத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாள். வரையும்போது பார்க்கிற பார்வை அது.

"நீ இருக்கேல்ல? இன்னொண்ணு வரைஞ்சுக்கிறேன்."