கூப்பிட்டாயிற்று

தூக்காமல் பால் கொடுக்க வேண்டும் என்பதற்காக ஹெல்வியா தரையில் குழந்தையின் பக்கத்திலேயே ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

விடியும்போது பிறந்தது. தாதி துடைத்து, வழக்கப்படி வெறும் தரையில் கிடத்திவிட்டுப் போய்விட்டாள். வீட்டுத் தலைவர் வந்து இரண்டு கையாலும் தூக்கினால்தான் அது அந்த வீட்டுப் பிள்ளை. தூக்காவிட்டால் ஊருக்கு வெளியே குப்பைமேடு. போன முறையும் பெண்தான். மாமனார் நுமேரியஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வேற கஞ்சி ஊத்தணுமா?" என்றார். அவள் கணவன் அவ்லஸ் பிள்ளையைக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். அப்பன் இருக்கிறவரை, மகனுக்குத் தலை நரைத்தாலும் எதையும் தூக்கிக்கொள்ளும் உரிமை கிடையாது. ஓஸ்தியாத் துறைமுகத்தில் எந்த வீட்டிலும் அப்படித்தான்.

திரைக்கு அந்தப் பக்கம்தான் மாமனாரின் கட்டில். காய்ச்சலிலும் காலையில் கேட்டார்: "பொறந்துடுச்சா?"

"இல்லைங்க. இன்னும் வலிதான்" என்று மாமியார் ஒப்பியா சாதித்துவிட்டாள்.

அதிலிருந்து, குழந்தை முனகினாலே ஹெல்வியாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு கை மார்பைத் தாங்க, மறு கையைக் குழந்தையின் வாயருகே தயாராக வைத்திருந்தாள்.

"மூச்சு இருக்கிறவரைக்கும் நம்பிக்கை இருக்கு அண்ணி. கால நல்லாத் தேயுங்க." மாமனாரின் தங்கை தித்தீனியாவின் குரல்.

ஊரே சொல்லும் பழமொழிதான். ஹெல்வியா அந்த மூச்சு எப்போது நிற்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிறகு தேய்க்கும் சத்தம் நின்றது.

"குனியுங்க அண்ணி, குனியுங்க! கடைசி மூச்ச வாயில வாங்குங்க. பொண்டாட்டி வாங்காம வேற யார் வாங்குறது?"

கீழே சலவைப்பட்டறையில் ஆட்கள் தொட்டியில் துணி மிதிப்பதும் நின்றுபோயிருந்தது.

"நுமேரியஸ்" என்றாள் ஒப்பியா.

"இப்படியா கூப்பிடுவாங்க? ஆட்டக்கூட இதவிடச் சத்தமாக் கூப்பிடுவீங்களே!"

"தொண்ட கட்டிக்கிச்சு."

"நேத்து மீன்காரிகிட்ட கட்டலையே? என் அண்ணன் குணம் தங்கம். அதையாவது சொல்லி அழுங்க."

"செத்தவங்களப் பத்தி நல்லதத் தவிர எதுவும் பேசக்கூடாதுன்னு நீதானே சொல்லுவ. அதான் ஒண்ணும் பேசாம நிக்கிறேன்."

"இன்னும் சாகல! எல்லாரும் கூப்பிட்டு முடிச்சாத்தான் சாவு. போன வருஷம் உப்பளத்துக்காரன் ஒருத்தன் சிதையில எழுந்து உக்காந்தான், தெரியுமா? சரியாக் கூப்பிடாம கொண்டுபோயிட்டாங்க."

அதுதான் சட்டம். வீட்டார் ஒவ்வொருவரும் செத்தவர் பெயரைச் சொல்லி உரக்க அழைக்க வேண்டும். பதில் இல்லையென்றால் மகன் சொல்ல வேண்டும்: 'கொன்க்ளமாத்தும் எஸ்த்', கூப்பிட்டாயிற்று. அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. பட்டறையில் வெளுக்கப் போடும் கந்தகப் புகை பட்டுக் கருகிய துணியைப் பார்த்தாலும் ஆட்கள் அந்த வார்த்தையைத்தான் சொல்வார்கள். ஆனால் வாய்திறந்து அதைச் சொல்லும்வரை கட்டிலில் கிடப்பவர்தான் தலைவர்.

அவ்லஸ் கூப்பிட்டான். "அப்பா... நுமேரியஸ்!" வேலையில் தப்புச் செய்துவிட்டு வந்து நிற்பவனின் குரல்.

"மருமக எங்க? அவளும்தான் கூப்பிடணும்" என்றாள் தித்தீனியா.

"பிள்ளைவலியில கெடக்கிறா" என்றாள் ஒப்பியா.

"வலியில கத்துறதக்கூடக் காணோமே? வரச் சொல்லுங்க. ஒரு குரல் கொறஞ்சாலும் கூப்பிட்ட கணக்கில்ல."

ஹெல்வியா மார்பை மெல்ல விடுவித்துக்கொண்டாள். குழந்தை வெறும் வாயைச் சப்பியது. 'கொஞ்ச நேரம்டி. கொஞ்சமே கொஞ்ச நேரம்.' சுவரைப் பிடித்து எழுந்தாள். தொடையில் ரத்தம் சூடாக இறங்கியது. மேலாடையைச் சுற்றிக்கொண்டு திரையை விலக்கினாள்.

மாமனாரின் கண்கள் பாதி திறந்திருந்தன. திரை இருக்கும் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தன. மாமியார் புறங்கையால் உதட்டைத் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள். தித்தீனியாவின் பார்வை ஹெல்வியாவின் வயிற்றில் வந்து நின்றது.

"கூப்பிடு. காதுகிட்டப் போய்."

ஹெல்வியா குனிந்தாள். பூண்டும் புளித்த திராட்சை மதுவும் கலந்த அதே வாடை. யார் கூப்பிட்டும் வராதவர் தன் குரலுக்கு வந்துவிட்டால்?

"நுமேரியஸ்."

அவருடைய தாடை தொங்கியது. நெஞ்சுக்குள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது.

"பதில் சொல்றாரு!" தித்தீனியா கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே! அண்ணே!"

அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் குழந்தை வீறிட்டது.

யாரும் அசையவில்லை. எல்லோருடைய கண்ணும், குழந்தை அழும் பக்கம் திரும்பாமல், கட்டிலில் கிடந்த முகத்தின் மேலேயே இருந்தது. அந்த முகம் திரும்பப் போகிறது, கேட்கப் போகிறது என்று ஹெல்வியா காத்திருந்தாள். ஓர் ஈ வந்து கீழுதட்டில் உட்கார்ந்தது. நடந்தது. உள்ளே போனது.

"வயித்துல நின்ன காத்து அது" என்றாள் ஒப்பியா.

"இன்னொரு தடவ கூப்பிடணும்" என்றாள் தித்தீனியா. "அவ்லஸ், நீ கூப்பிடு. உள்ள அழுவுறது என்னன்னு அப்புறம் பாத்துக்கலாம். இன்னொரு பொண்ணுன்னா கூடைதான்னு அண்ணன் சொல்லியிருக்காரு, ஒனக்குத் தெரியும்."

ஒப்பியா குனிந்து புருஷனின் இமைகளை விரலால் இறக்கி அழுத்தினாள். "அவ்லஸ்" என்றாள். அவ்வளவுதான்.

அவ்லஸ் தகப்பனைப் பார்த்தான். ஹெல்வியா அவன் கைகளைப் பார்த்தாள். போன முறை கூடையைப் பிடித்த கைகள். குழந்தை மூச்சுப்பிடித்து அழுதுகொண்டிருந்தது.

"கூப்பிட்டாச்சு" என்றான். யாருக்கும் கேட்கவில்லை. பிறகு பட்டறைவரை கேட்கும்படி சொன்னான்: "கூப்பிட்டாச்சு அத்தை!"

தித்தீனியா தலைமுடியை அவிழ்த்துப்போட்டு ஓலமிடத் தொடங்கினாள். கீழே ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். அவ்லஸ் யாரையும் பார்க்காமல் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

ஹெல்வியாவால் பின்னால் போக முடியவில்லை. கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். திரை தரைவரை எட்டாது. அடியில் அவன் பாதங்கள் தெரிந்தன, கந்தகத்தில் வெளுத்த நகங்களோடு. நின்றுகொண்டே இருந்தன. பிறகு அந்தக் குதிகால்கள் இரண்டும் தரையைவிட்டு மெதுவாக உயர்ந்தன, தரையில் கிடப்பதைத் தூக்க ஒருவன் குந்தும்போது உயர்வது போல.