கறுப்பு வெள்ளைக்கு ஆறு மை

ஆம்ப்ரோஸ் என்பது அவர் பெயர். காக்ஸ் டவுன் சந்தைக்கு அருகே, ஒரு மாடிப்படியின் அடியில் போட்டோ பிரிண்ட் போடும் கடை வைத்திருந்தார். காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்து, டியூப் லைட்டைப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மூன்று முறை துடைத்து, அதன்பின் உலகத்தை இகழத் தொடங்குவார். எவர் வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்கு முன்பே கலியாண ஆல்பத்தைக் கேட்டு வாங்குவார். இரண்டு பக்கம் புரட்டி, உதட்டைப் பிதுக்கி, திருப்பிக் கொடுத்துவிடுவார். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தால், "யார் போட்ட பிரிண்ட்டுங்க இது?" என்று கேட்பார். எந்தப் பெயரைச் சொன்னாலும் அவரிடமிருந்து வருவது ஒரே பெருமூச்சுதான்.

அவருடைய இகழ்ச்சியில் பெரும்பங்கு சீனுவுக்கு உரியது. சீனு மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கலர் லேப் நடத்துபவன். அவன் பயன்படுத்தியது சாய மை. நீரில் கரைந்த சாயம், நீர் பட்டால் மறுபடியும் நீரோடு போய்விடும். ஆம்ப்ரோஸோ அந்த ஆண்டு, அதாவது இரண்டாயிரத்து ஒன்றில், பிக்மென்ட் மை ஏற்கும் புதிய பிரிண்டர் வாங்கியிருந்தார். அந்த மையில் நிறம் கரைந்திருப்பதில்லை. மிக நுண்ணிய பொடியாக இருந்து, தாளில் படிந்து, அங்கேயே நின்றுவிடும். இதை மெய்ப்பிப்பதற்காக மேசைமேல் எந்நேரமும் ஒரு மக்கில் தண்ணீர் வைத்திருந்தார். வருகிறவர் கண்ணெதிரில் சீனுவின் பிரிண்ட் ஒன்றையும் தம்முடையது ஒன்றையும் அதில் முக்குவார். சீனு அச்சிட்ட மணமகளின் பட்டுப்புடவை நீலமும் சிவப்புமாக ஓடத் தொடங்கும்.

"பாத்தீங்களா? இது போட்டோ இல்ல. கலர் சோடா."

அக்டோபர் நடுவில் கடைக்கு வந்த வனஜாவுக்கு அந்த வேடிக்கையைக் காட்ட வேண்டிய தேவை ஏற்படவில்லை. அதை அவள் முந்தைய ஆண்டே கல்லறையில் பார்த்துவிட்டாள். அவள் கணவன் அலெக்சாண்டர் இறந்த பின் வந்த முதல் கல்லறைத் திருநாள் அது. சீனு போட்டுக் கொடுத்த படத்தைச் சிலுவையின் அடியில் சாய்த்து வைத்திருந்தாள். தூறல் சட்டத்துக்குள் புகுந்துவிட்டது.

"ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்கிறதுக்குள்ள கன்னமெல்லாம் காலருக்கு எறங்கிடுச்சு, அங்கிள்," என்றாள். "இந்தத் தடவை தண்ணிக்கு ஓடக் கூடாது. அதோட, கறுப்பு வெள்ளையில வேணும்."

"கறுப்பு வெள்ளை எதுக்கும்மா? கலர் போட்டோதானே கொண்டாந்திருக்கே?"

"எங்க மாமியார் வீட்டு வழக்கம். உயிரோட இருக்கறவங்க கலர்ல, போனவங்க கறுப்பு வெள்ளையில. தாத்தாலேர்ந்து மாமனார் வரைக்கும் ஹால்ல அப்படித்தான் வரிசையா மாட்டியிருக்கு. கல்லறைத் திருநாள் அன்னிக்குச் சாயந்தரமே இவரையும் அந்த வரிசைல மாட்டணும். போன வருஷமே மாட்டியிருக்கணும், படம் கெட்டுப்போச்சு. நாத்தனார் பாமா வருஷம் பூரா சொல்லிக் காட்டிட்டா, புருஷனுக்கு ஒரு எடம் பிடிச்சுக் குடுக்கத் தெரியலைன்னு."

ஆம்ப்ரோஸ் இரண்டு விதமாக அச்சிட்டுப் பார்த்தார். கறுப்பு மை ஒன்றை மட்டும் இட்டபோது அலெக்சாண்டரின் கன்னத்தில் சலிக்காத ரவையைப் போலப் புள்ளிகள் தெரிந்தன. பிரிண்டரில் இருந்த ஆறு மைகளையும் கலந்து சாம்பல் நிறத்தை உண்டாக்கியபோது முகம் பட்டுப்போல் வழவழவென்று வந்தது. முதலாவதைக் கசக்காமல் குப்பைக் கூடையில் போட்டார். கசக்கும் அளவுக்குக்கூட அதை அவர் மதிக்கவில்லை.

காத்திருந்த வனஜா பிரிண்டர்மேல் எழுதியிருந்த ஆறு மைகளின் பெயரையும் படித்துப் பார்த்தாள். "கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஊதாவும் மஞ்சளும் எதுக்கு அங்கிள்?"

"நான் உன் வீட்டு அடுப்பாண்ட வந்து சாம்பாருக்குப் புளி எதுக்குன்னு கேட்டேனா?" என்றார் அவர். அந்தப் பதில் அவருக்கே மிகவும் பிடித்திருந்தது. அன்று பிற்பகல் வந்த இருவரிடமும் அதைத் திரும்பச் சொன்னார்.

வனஜா படத்தைச் செய்தித்தாளில் சுற்றி வாங்கிச் சென்று, திருநாள்வரை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

நவம்பர் இரண்டாம் நாள் ஆம்ப்ரோஸ் தம் பெற்றோர் கல்லறைக்குச் செவ்வந்தி மாலையோடு போனார். பிற்பகல் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. வழியெங்கும் கல்லறைகள்மேல் சாய்த்திருந்த படங்களை ஒவ்வொன்றாக இகழ்ந்துகொண்டே நடந்தார். இது மங்கல், அது கலங்கல், இன்னொன்றில் அழகான கிழவிக்கு மீசை போன்ற நிழல். அடுத்த வரிசையில் ஒரு முகம் முருங்கைக்கீரை நிறத்தில் இருந்தது. யாரடா இந்த அறிவிலி என்று குனிந்து பார்த்தார். அலெக்சாண்டர் அவரை நோக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "என் தம்பி இன்னும் போகல போல. கலர்லதான் இருக்கான்," என்றாள் யாரையும் பார்க்காமல்.

சீனு கேமராவுடன் அங்கே இருந்தான். ஃபாதர் மந்திரிப்பதைப் படம் எடுக்க ஒரு குடும்பத்தார் அழைத்திருந்தனர். அவன் அருகில் வந்து பணிவாகவே சொன்னான்: "தண்ணிக்கு ஓடாது ஆம்ப்ரோஸ்ணா, நான் ஒத்துக்கறேன். பேஜார் பண்ணிக்காதீங்க. என் படத்துல மனுஷன் கரைஞ்சான். உங்க படத்துல முளைச்சிருக்கான்."

அதில் பிழை காண முடியவில்லை என்பதே சீனுவின்மேல் ஆம்ப்ரோஸுக்கு இருந்த வெறுப்பை இரட்டிப்பாக்கியது. நான்கு மணிக்குத் தூறல் விழுந்தது. சட்டத்துக்குள் நீர் புகுந்தும் படத்தில் ஓர் இழைகூடக் கலையவில்லை. அந்தப் பச்சை முகம் அப்படியே, அசையாமல், அவர் உறுதியளித்தபடியே நிலைத்து நின்றது. இருட்டத் தொடங்கி மெழுகுவத்திகளை ஏற்றியபோது முகம் செம்மண் நிறத்துக்கு மாறியது.

வனஜா அதைச் சிறிது நேரம் பார்த்தாள். "மத்தியானம் பச்சை, சாயந்தரம் செவப்பு. உயிரோட இருந்தப்போ இவரு இவ்வளவு மாறினதில்ல," என்றாள். அன்று ஹாலில் மாமனார் படத்துக்குப் பக்கத்து ஆணி வெறுமையாகவே இருந்தது.

மறுநாள் காலை அவள் படத்தோடு கடைக்கு வந்தாள். ஆம்ப்ரோஸ் அதை வாங்கி டியூப் லைட்டின் கீழே நீட்டிப் பிடித்தார். குற்றமற்ற சாம்பல் நிறம்.

"இப்பப் பாரு. நல்லாத்தானே இருக்கு?"

"ஹால்ல மாட்டும்போது உங்க டியூப் லைட்டையும் சேத்து மாட்டணுமா, அங்கிள்?"

அவள் படத்தைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு நடந்தாள். அவரும் பின்னால் போனார். வெயில் பட்டதும் அலெக்சாண்டர் மறுபடியும் பச்சையானான். ஆறு மை கலந்து வந்த சாம்பல் நிறம் வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறியது. பத்து மாதமாக அந்த மாடிப்படியின் கீழ் ஒரே விளக்கில் பார்த்து, பார்த்ததையெல்லாம் தீர்ப்பாகச் சொல்லி வந்தவருக்கு, தெரு பன்னிரண்டு அடி தூரத்தில்தான் இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. சாயம் ஓடுகிறதா என்று நூறு முறை முக்கிப் பார்த்தவர், ஒரு முறையும் படத்தை வெளியே எடுத்து வந்து பார்த்ததில்லை. ஊரில் உள்ள முட்டாள்களையெல்லாம் எண்ணி வைத்திருந்த அவருடைய பட்டியலில் ஓர் ஆள் விடுபட்டிருந்தான்.

உள்ளே போய், காகிதம் மட்டுமே விழுவதால் மாதக்கணக்கில் கொட்டாத அந்தக் கூடையின் அடியில் கிடந்த முதல் பிரிண்ட்டை எடுத்து வந்து வெயிலில் காட்டினார். கன்னத்தில் புள்ளிகள் இருந்தன. ஆனால் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் இருந்தது. வனஜா சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள்.

"இங்கேருந்து புள்ளி தெரியல," என்று கத்தினாள். "எங்க ஹால்ல ஆணி ஒசரத்துல இருக்கு. நீங்க நிக்கிற அளவு கிட்ட யாரும் போகமாட்டாங்க. பாமாவுக்குக்கூட எட்டாது!"

"அது சலிக்காத ரவைம்மா," என்றார் ஆம்ப்ரோஸ். பழக்கம் விடவில்லை.

"இருக்கட்டும். கீரையைவிட ரவை மேல்."

அவள் திரும்பி வரும்வரை அவர் தெருவிலேயே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஒரே முறை. பின்பு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நல்ல தாள்ல புதுசா ஒண்ணு போடறேன், கறுப்பு மை மட்டும் வெச்சு. சாயந்தரம் வராதே, பகல்ல வா. வெயில்ல நீ பாத்து சரின்னு சொன்னப்புறம்தான் குடுப்பேன்."